உறையாத சரக்கு

முனீஸ்வரிக்கு மட்டும் மெட்ராஸ் ஐ வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வந்தது. அதுவும் சும்மா வந்துவிட்டுப் போகவில்லை. இரண்டு கண்ணும் தக்காளியாகச் சிவந்து, காலையில் இமையைப் பிரிக்கவே வெந்நீர் ஒற்ற வேண்டிய அளவுக்கு வந்தது. சென்னையில் அவள் ஆராய்ச்சி செய்யும் நிறுவனத்தில், அவளுடைய கைடு லிங்கேஸ்வரன் அவளைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"கண்ணு சரியாகுற வரைக்கும் லேப் பக்கம் தலை காட்டாதம்மா. நீ மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சா அப்புறம் நாங்க எல்லாரும் வரிசையா விழுவோம்" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் கையில் இருந்த வேலை காத்திருக்கிற வேலை இல்லை. அது என்ன வேலை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போடிநாயக்கனூர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக நினைத்துக்கொண்ட மாதிரி நீங்களும் எதையாவது நினைத்துக்கொள்வீர்கள்.

அவள் படிகம் வளர்க்கிறவள். செம்பு, துத்தநாகம், கொஞ்சம் உப்புச் சரக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு குவார்ட்ஸ் குழாயில் போட்டு, வாயை உருக்கி மூடி, உலையில் வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தால் குழாயின் ஒரு முனையில் கடுகு கடுகாகப் பச்சைப் படிகங்கள் ஒட்டியிருக்கும். சில குழாய்கள் வெடிக்கும். சில குழாய்களில் ஒன்றுமே இருக்காது. இப்படி நாலு வருஷம் உலையோடு மல்லுக்கட்டி அவள் சேர்த்தது ஒரு கைப்பிடிப் படிகம்.

அந்தப் படிகத்துக்குள் இருக்கிற செம்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தம் மேலே பார்த்தால் இது கீழே பார்க்கும், அது கீழே பார்த்தால் இது மேலே பார்க்கும். அப்படி ஒரு குணம். இந்த மாதிரிக் காந்தச் சரக்குகளைக் குளிரவைத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் எல்லாக் காந்தமும் ஒழுங்காக அணிவகுத்து அப்படியே உறைந்துவிடும். முனீஸ்வரியின் படிகம் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையக்கூடாது. உள்ளே இருக்கிற காந்தங்கள் கடைசிவரை ஒரு நிலைக்கு வராமல் எல்லாம் சேர்ந்து அலைந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்பின் திரவம் என்று அதற்குப் பெயர். அப்படி ஒன்று உண்டு என்று பெரியவர்கள் எப்போதோ கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். இதுதான் அது என்று அடித்துச் சொல்கிற மாதிரி ஒரு சரக்கைக் கையில் கொடுப்பதுதான் பெரும்பாடு. தான் கண்டுபிடித்த முறையில் வளர்த்தால் அப்படிச் சுத்தமான சரக்கு கிடைக்கும் என்பது முனீஸ்வரியின் வாதம்.

வாதத்தை நிரூபிக்க வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருக்கிற குளிர்யந்திரத்தில் அடுத்த மாதம் இடம் கிடைத்திருந்தது. அதற்குள் அந்தக் கைப்பிடிப் படிகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதைப் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். படிகம் உறையாமல் இருந்தால் அவளுக்குப் பட்டமும் உண்டு, பெயரும் உண்டு. உறைந்துவிட்டால் நாலு வருஷமும் உலைச் சாம்பல்தான். இந்த லட்சணத்தில்தான் கண் சிவந்தது.

படிகக் குப்பியை ஒரு சாக்ஸுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போடி ரயிலில் ஏறினாள்.

வீட்டில் அம்மா ஜக்கம்மாள் அவளைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். "ஏத்தா, சினிமாக்காரி மாதிரி வந்து எறங்குற. கண்ணாடியக் கழட்டு பாப்போம்" என்றாள். கழற்றியதும், "திரும்ப மாட்டிக்க" என்றாள்.

ஜக்கம்மாளுக்கு ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை. மலையிலிருந்து மூட்டையில் வந்து இறங்கும் காயைத் தட்டில் கொட்டி, பெரிசு தனி, சிறுசு தனி, நல்ல பச்சை தனி, வெளுத்தது தனி, வாய் வெடித்தது தனி என்று பிரிக்கிற வேலை. கல்யாணமாகிச் சிலமலையிலிருந்து போடிக்கு வந்த நாளிலிருந்து அவள் விரல் இதைத்தான் செய்கிறது. பேசிக்கொண்டே செய்யும், டீ குடித்துக்கொண்டே செய்யும். அவளுக்குப் பக்கத்துத் தட்டில் உட்காருகிறவள் பொன்னுமணி. உறவில் நாத்தனார் முறை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம்.

முனீஸ்வரி கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தட்டில் படிகத்தைக் கொட்டி, லென்ஸை வைத்துக்கொண்டு கண்ணீர் வடிய வடியப் பொறுக்கிய காட்சியை ஜக்கம்மாள் கொஞ்ச நேரந்தான் பொறுத்துக்கொண்டாள்.

"என்னத்தா செய்யுற?"

"நல்லதைப் பொறுக்குறேன்மா."

"இதுக்கா இம்புட்டு அழுகுற? தட்டை இங்கிட்டுக் கொண்டா. இந்தச் சோலிதான எனக்குச் சோறு போடுது. ஏ பொன்னு, வெரசா வா, மெட்ராஸ்ல இருந்து சரக்கு வந்துருக்கு."

பொன்னுமணி தன் தட்டோடு வந்துவிட்டாள். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்து, "கடுகுக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்ச மாதிரி இருக்கு மதினி" என்றாள். எப்படிப் பொறுக்கணும் என்று கேட்டதற்கு முனீஸ்வரி சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "நல்லதா, முழுசா, கீறல் இல்லாததா பொறுக்குங்க அத்தே." சொல்லிவிட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து, வாசல் வெளிச்சம் இருக்கிறவரை உட்கார்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கும்போது கதை கேட்காவிட்டால் பொன்னுமணிக்கு விரல் ஓடாது. "இது என்ன கல்லுத்தா, விலை எம்புட்டு, எவன் வாங்குவான்?" என்று அவள் ஆரம்பித்ததும் முனீஸ்வரி படுத்தபடியே சொன்னாள்.

"அத்தே, இதுக்குள்ள காந்தமெல்லாம் முக்கோணம் முக்கோணமா உக்காந்துருக்கும். கூடை முடைவாங்கள்ல, அந்தப் பின்னல் மாதிரி. ரெண்டு பேருன்னா பிரச்சினை இல்லை, ஒருத்தர் மேல பாத்தா ஒருத்தர் கீழ பாத்துக்கலாம். மூணாவது ஆளு எங்கிட்டுப் பாக்கும்? யாருக்கு எதிரா நிக்கும்? அதான் ஒரு முடிவுக்கே வராம கிடக்கும்."

பொன்னுமணி கையை நிறுத்தாமல் சொன்னாள். "நானு, எங்க மாமியா, எங்க நாத்தனா. இதுக்கு எதுக்குத்தா நாலு வருசம் படிச்ச? எங்க வீட்டுக்கு வந்துருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சுருக்கும்."

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்து கண் எரிந்தது. சொல்லப்போனால் பொன்னுமணி தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அப்பா கோட்டைச்சாமி ஜீப் ஓட்டுகிறவர். விடியும் முன்பே காய் எடுக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுகளுக்குப் போவார். சாயங்காலம் ஆட்களோடும் மூட்டையோடும் இறங்குவார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். டீக்கடையில் கன்னையன், "நியூட்ரினோ ஆராய்ச்சின்னு பொட்டிபுரத்து மலையக் கொடையப் போறோம்னு சொன்னாகளே, அந்தக் கூட்டமாப்பா உம்மக?" என்று கேட்டதற்கு, "அது வேற சோலி, இது வேற சோலி. எம்மக மலையத் தொட மாட்டா. கடுகத்தான் தொடுவா" என்றார். கன்னையனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குமேல் கேட்கவில்லை.

கண் தெளிவதற்குள் பொறுக்கும் வேலை முடிந்திருந்தது. ஜக்கம்மாள் நல்லதை ஒரு குப்பியிலும் கழித்ததை இன்னொரு குப்பியிலும் போட்டு நீட்டினாள். முனீஸ்வரி நல்லதை மட்டும் வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெயிலில் ஆட்டிப் பார்த்தாள். பெரிசு பெரிசாக, ஒரே சீராக, கண்ணைப் பறிக்கிற கரும்பச்சை. "அம்மா, லேப்புல இருக்குற யாரும் இப்படிப் பொறுக்க மாட்டாங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஜக்கம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் கிட்டங்கி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நம்ம ஜக்கம்மா பொறுக்குன சரக்கு வடக்க மிசினுக்குள்ள போகுதாம்.

மிசினுக்குள் போனது. முனீஸ்வரியும் கூடப் படிக்கிற நிலவனும் வடக்கே போய், குப்பியில் இருந்ததைக் குளிர்யந்திரத்தில் வைத்தார்கள். இதற்குமேல் குளிர முடியாது என்று ஓர் எல்லை உண்டு, அதற்குப் பூச்சியம் என்று பெயர். அந்தப் பூச்சியத்தை நோக்கிப் படிப்படியாக இறங்கினார்கள். திரையில் ஒரு கோடு வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது. பூச்சியத்துக்கு மேலே ஆறு டிகிரி வந்தபோது கோட்டில் ஒரு முண்டு எழும்பியது.

முண்டு என்றால் வேறொன்றும் இல்லை. உறைந்துவிட்டது என்று அர்த்தம்.

 மறுபடியும் சூடேற்றி மறுபடியும் இறக்கினார்கள். மறுபடியும் அதே இடத்தில் அதே முண்டு. செம்பு கூடிப்போன இந்த வகைக் கனிமம் அந்தச் சூட்டில் உறையும் என்பது உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சேதி. நாலு வருஷம் பாடுபட்டு, தெரிந்த சேதியைத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். போனில் லிங்கேஸ்வரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பரவாயில்லைம்மா. மாசக் கடைசில வேற ஒருத்தர் விட்ட இடம் கொஞ்சம் இருக்கு, அதை உனக்குத் தரச் சொல்றேன். அதுக்குள்ள வேற சரக்கு இருந்தா பாரு. இல்லன்னா இந்த ரிசல்ட்டையே எழுதி முடிச்சுருவோம்" என்றார். வேறு சரக்கு எங்கே இருக்கிறது? புதுக் குழாய் வைத்தால் மாதக்கணக்காகும். எழுதி முடிக்கச் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

சென்னைக்குத் திரும்பப் பிடிக்காமல் நேரே போடிக்கு வந்துவிட்டாள். "என்னத்தா, நம்ம சரக்கு எப்படி?" என்று ஜக்கம்மாள் வாசலிலேயே கேட்டாள். நம்ம சரக்கு என்று அவள் சொன்ன பிறகு முனீஸ்வரியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். அழுததைக் கழுவினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அம்மா மறந்துவிட்டுப் போன தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள். உள்ளே நுழைந்ததுமே ஏலக்காய் வாசம் தொண்டைவரை இறங்கியது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஆளாளுக்கு விசாரித்தார்கள். பொன்னுமணி மட்டும் தலையைத் தூக்காமல், "வா மாப்ளே, உக்காரு" என்றாள். பெண்பிள்ளைகளை மாப்ளே என்று கூப்பிடுவது அவள் செல்லம்.

உட்கார்ந்தவள் சும்மா இருக்க முடியாமல் தட்டில் கைவைத்தாள். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் இங்கேதான் கிடந்தாள், அவள் விரலுக்கும் அந்த வேலை தெரியும். பேசிக்கொண்டே பொறுக்கினாள். பெரிய காய், கரும்பச்சைக் காய் வலது பக்கம் போயிற்று. சிறுத்தது, வெளுத்தது இடது பக்கம் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கக் குவியலைப் பார்த்தாள். அப்படியே கையை நிறுத்திவிட்டாள்.

அவள் படிகத்தில் பச்சை எங்கிருந்து வருகிறது? செம்பிலிருந்து. பச்சை ஏறஏறச் செம்பு கூடுதல் என்று அர்த்தம். அந்தப் படிகத்துக்குள் செம்பு முக்கோணங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் துத்தநாகம் உட்கார்ந்து, மாடி வீட்டுப் பேச்சு கீழ் வீட்டுக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்ளும். துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு போய் உட்கார்ந்துவிட்டால் போச்சு. கோள்மூட்டி மாதிரி மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சைக் கடத்தி, எல்லோரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து உறையவைத்துவிடும். குழாயில் முதலில் வளர்வது செம்பு கூடின படிகம். முதலில் வளர்வதால் அதுதான் பெரிசு. அதுதான் கரும்பச்சை.

முன்பு சென்னையில் மொத்தச் சரக்கையும் கலந்து, அதில் ஒரு சிட்டிகையை மட்டும் அரைத்துச் சோதித்தபோது கணக்கு சரியாகத்தான் வந்திருந்தது. அந்த நல்ல கலவையிலிருந்து கெட்டதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, நல்லது என்று பேர் வைத்து, வடக்கே கொண்டுபோய்க் குளிரவைத்திருக்கிறார்கள். அம்மாவும் அத்தையும் பொறுக்கினார்கள் என்றால், அதை வெயிலில் ஆட்டிப் பார்த்துப் பூரித்துப் போனவள் யார்? படித்தவளாக இருந்து என்ன, பிறந்தது போடியில். கரும்பச்சையைக் கண்டால் மனசு குளிரத்தான் செய்யும்.

"அம்மா, கழிச்ச குப்பி எங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

"நீதான வேணாம்னு விட்டுட்டுப் போன? உங்கப்பா ஆசைப்பட்டாருன்னு ஜீப்புல வச்சுக்கக் குடுத்தேன். எதுக்குத்தா?"

"சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். அப்பாவுக்குப் போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. ஸ்டாண்டில் அப்பாவைப் போலவே மலைக்கு வண்டி ஓட்டுகிற முத்துக்கண்ணனின் ஜீப் லோடு ஏற்றிக்கொண்டு மேலே புறப்படத் தயாராக நின்றது. அரிசி மூட்டைக்கும் உர மூட்டைக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. அப்பா அந்தக் குப்பியை என்ன செய்திருப்பார் என்று நினைத்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வளைவுதான் காரணம் என்று முத்துக்கண்ணன் நினைத்துக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தான்.

மெட்டுக்கு அப்பால் ஏலச் சரிவில் அப்பாவின் ஜீப் நின்றது. உயர்ந்த மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நெருங்கி நிற்க, கோட்டைச்சாமி வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து மூட்டைக்குக் காத்திருந்தார். மகளைக் கண்டதும் பதறிவிட்டார். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நினைத்துவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா. என் குப்பி எங்க?"

ஸ்டியரிங்குக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், சின்னப் பூச்சரம் சுற்றி வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். முனீஸ்வரி வாங்கிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"மிச்சம் எங்கப்பா?"

கோட்டைச்சாமி கழுத்தைச் சொறிந்தார். "வண்டியில வர்றவுக எல்லாம் என்ன என்னன்னு கேட்டாகத்தா. எம்மக செஞ்சதுன்னு சொன்னேன். கேட்டவுகளுக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை குடுத்தேன். நம்ம எஸ்டேட்டு சூப்பர்வைசரு மலையாளத்துக்காரரு, அவரு வாங்கிப் பாத்துட்டு 'மோளு மிடுக்கியாணல்லோ'ன்னாரு. மிடுக்கின்னா கெட்டிக்காரியாம்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "ஏத்தா, குடுத்துருக்கக் கூடாதோ?"

நாலு வருஷ உழைப்பில் மிஞ்சினதில் பாதியை இந்த மலைச்சரிவில் சிட்டிகை சிட்டிகையாகத் தானம் பண்ணியிருக்கிறார் மனுஷன். கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. பாதிக் குப்பியை நிழலிலிருந்து வெளியே கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். இலைக்கொழுந்து மாதிரி, லேசாக நீலம் ஓடின இளம்பச்சை. இதில் கொஞ்சம் சுத்தமாகத் தேறினால் போதும், யந்திரத்துக்கு ஒரு சின்னக் கரண்டி போதும்.

இறங்கும்போது நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்காத்தாகிட்ட நீயே சொல்லிரு. நான் மலைப்பாதையில வண்டி ஓட்டுறவன், எனக்கு மனசு அமைதியா இருக்கணும்" என்றார்.

ஜக்கம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டில் முண்டு எழும்பியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கை நிற்கவில்லை. முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

"அப்ப நாங்க பொறுக்குனதுதான் கெடுத்துருச்சா?"

"நீங்க பொறுக்குனதுல தப்பில்லம்மா."

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றாள் ஜக்கம்மாள். அதுதான் அவளுக்கு வலித்தது. இன்னொரு பூண்டை எடுத்துக்கொண்டு, "நல்லதா பொறுக்குன்னு சொன்ன. எது நல்லதுன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல. ஏலக்காயிலேயே ஒரு பார்ட்டி கேக்குற காயி இன்னொரு பார்ட்டிக்கு ஆகாது. சொந்த மகதானன்னு கேக்காம விட்டுட்டேன்" என்றாள்.

"நானும் சொந்த அம்மாதானேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

"சரி, இப்பச் சொல்லு. என்ன மாதிரி வேணும்?"

"சிறுசா இருந்தாலும் பரவாயில்ல. வெளுத்ததா வேணும். எவ்வளவுக்கு வெளுத்துருக்கோ அவ்வளவுக்கு நல்லது."

ஜக்கம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். வெளுத்த சரக்கை நல்லது என்று யாராவது அவளிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கிட்டங்கியில் சாப்பாட்டு நேரத்தில், ஜன்னலோர வெளிச்சத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை முனீஸ்வரிக்குக் கருப்புக் கண்ணாடி இல்லை. ஆனால் வேலை ஓடவில்லை. பொன்னுமணியின் விரல் சொன்னபேச்சைக் கேட்கவில்லை. வெளுத்ததை எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பச்சையைப் போய்த் தொட்டது. ஜக்கம்மாளுக்கும் அதே கதை. இரண்டு பேரும் எழுதப் பழகுகிற பிள்ளைகள் மாதிரித் திணறினார்கள். கடைசியில் பொன்னுமணி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இந்தா பாரு மாப்ளே, எங்கைக்கு நல்லதை எடுக்கத்தான் தெரியும். இனிமே அதைத் திருத்த முடியாது. நான் பாட்டுக்கு நல்லதை எல்லாம் எடுத்து அங்கிட்டுப் போட்டுர்றேன். மிச்சம் கிடக்குறதை நீ எடுத்துக்க."

அப்படித்தான் நடந்தது. இரண்டு பேரும் தங்களுக்குப் பழகின வேகத்தில் கரும்பச்சையை, அரைப்பச்சையை, கொஞ்சம் பச்சை தட்டினதைக்கூடத் தேடித்தேடி எடுத்து வெளியே தள்ளினார்கள். தள்ளத் தள்ளத் தட்டில் வெளிறினது மட்டும் சுத்தமாகத் தங்கியது. எழுந்திருக்கும்போது முனீஸ்வரியின் குப்பியில் ஒரு சின்னக் கரண்டி அளவுக்குச் சரக்கு இருந்தது.

அதிலிருந்து ஒரு துளியைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள். துத்தநாகம் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. லிங்கேஸ்வரன் அறிக்கையைப் படித்துவிட்டு, "யார் பொறுக்கினது?" என்று கேட்டார். "வீட்டுல ஆள் இருக்கு சார்" என்றாள்.

மாசக் கடைசியில் முனீஸ்வரியும் நிலவனும் மறுபடியும் வடக்கே போய் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கோடு வழுவழுவென்று வந்தது. பத்து டிகிரி. எட்டு. ஏழு. ஆறு வந்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு" என்றான் நிலவன்.

பார்த்தாள். கோடு ஆறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முண்டு இல்லை. ஐந்து, மூன்று, ஒன்று. ஒன்றுக்கும் கீழே, ஒன்றில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. முண்டு இல்லை, முறிவு இல்லை, ஒரு சின்ன வளைவுகூட இல்லை. மிசின் கெட்டுப்போய்விட்டதா என்று நிலவன் இரண்டு தடவை சரிபார்த்தான். கெடவில்லை. அத்தனை குளிரிலும் உள்ளே அத்தனை காந்தங்களும் ஒரு முடிவுக்கும் வராமல், எல்லாம் சேர்ந்து அலைந்துகொண்டே இருந்தன.

லிங்கேஸ்வரன் போனில், "இது ஆரம்பந்தாம்மா. இன்னும் நூறு கேள்வி கேப்பாங்க" என்றார். அவர் குரலே ஒரு நிலையில் இல்லை.

மத்தியான நேரம். அம்மா கிட்டங்கியில்தான் இருப்பாள். முனீஸ்வரி வராந்தாவுக்குப் போய்ப் போன் போட்டாள். எடுத்ததும் பின்னால் பெண்களின் பேச்சும் தட்டில் காய் உருள்கிற சத்தமும் கேட்டன.

"அம்மா, உறையல."

"என்னத்தா? சத்தமாச் சொல்லு."

"சரக்கு உறையலம்மா. கடைசி வரைக்கும் போயிட்டோம். ஒண்ணுமே நடக்கல."

மறுமுனையில் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜக்கம்மாள் தணிந்த குரலில், வேறு யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் கேட்டாள். "அது நாங்க பொறுக்குனதா?"

"நீங்க பொறுக்குனதுதாம்மா."

அவ்வளவுதான். போனைக் கீழே வைத்தாளோ கையிலேயே பிடித்திருந்தாளோ தெரியாது, ஜக்கம்மாளின் குரல் கிட்டங்கிக் கூரையில் போய் முட்டியது. "ஏ, எல்லாரும் கேளுங்க. எம்மக நாலு வருசம் கஷ்டப்பட்டுச் செஞ்ச சரக்குல ஒண்ணுமே நடக்கலையாம்."

சத்தம் சட்டென்று அடங்கியது. நல்ல சேதியா கெட்ட சேதியா என்று யாருக்கும் விளங்கவில்லை. யாரோ ஒருத்தி பாவப்பட்டு உச்சுக் கொட்டினாள். பொன்னுமணிதான் முதலில் சுதாரித்தாள்.

"அடியே, ஒண்ணும் நடக்கலைன்னா ஜெயிச்சுருச்சுன்னு அர்த்தம். கை தட்டுங்கடி. யாராச்சும் போயி சீனிமிட்டாய் வாங்கிட்டு வாங்க."

எங்கோ ஒரு வராந்தாவில் சுவரில் சாய்ந்துகொண்டு முனீஸ்வரி சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மெட்ராஸ் ஐ இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அம்மாவின் குரல் திரும்ப வந்தது. ஏல வியாபாரம் பேசுகிறவள் மாதிரி நிதானமாக இருந்தது.

"சரித்தா, அடுத்த லோடு எப்ப அனுப்புற?"